வீடியோ கேமுக்குக் கதை தேவையா, ஆட்டம் நன்றாக இருந்தால் போதாதா?

"நான் கதைக்காகத்தான் கேம் ஆடுகிறேன். என் தம்பியோ கதை வரும் இடத்தையெல்லாம் பட்டனை அழுத்தித் தாண்டிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறான். இரண்டு பேரில் யார் சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதை அவசியம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் தம்பி வென்றுவிட்டதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் எதைத் தாண்டிவிட்டுப் போகிறார் என்பதைப் பொறுத்தது அது.

கதை அவசியம் இல்லை என்பதற்கு டெட்ரிஸ் ஒன்றே போதும். 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. அவர் பயன்படுத்திய எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரைகிற வசதிகூடக் கிடையாது. அடைப்புக்குறிகளை அடுத்தடுத்து வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும், ஒரு வரிசை நிறைந்தால் மறையும். அவ்வளவுதான். நாயகன் இல்லை, வில்லன் இல்லை, முடிவும் இல்லை. தோற்கும்வரை ஆட வேண்டியதுதான். நாற்பது ஆண்டுகளாக உலகம் அதை விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜேனட் முர்ரே 1997-ல் டெட்ரிஸுக்கே ஒரு கதை கண்டுபிடித்தார். வேலைமேல் வேலை வந்து விழ, மேசையைக் காலி செய்யக் காலி செய்ய மறுபடி நிரம்பும் 1990-களின் அமெரிக்க வாழ்க்கையைத்தான் அது நடித்துக் காட்டுகிறது என்றார். ஃபின்லாந்தின் மார்க்கு எஸ்கலினன் இதைப் படித்துக் கொதித்துப்போனார். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்காமல் எதற்கெடுத்தாலும் கதையைத் தேடுவது என்ன பழக்கம் என்பது அவர் கட்சி. நான் எஸ்கலினன் பக்கம்தான். ஆனாலும் மாதக் கடைசியில் டெட்ரிஸ் ஆடும்போது முர்ரே சொன்னது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கதை இல்லாவிட்டால் பதற்றமும் இருக்காது என்று நினைப்பவர்கள் ஸ்பேஸ் இன்வேடர்ஸைப் பார்க்க வேண்டும். 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ செய்தது. வேற்றுக்கிரகப் படை வரிசை வரிசையாக மெல்ல இறங்கி வரும். சுடச் சுட எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறையக் குறைய வேகம் கூடும். கடைசியாக மிஞ்சுகிற ஒன்று திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும். பின்னால் ஒலிக்கிற நான்கே சுரங்களும் அதே வேகத்தில் துடிக்கும். இது யாரும் உட்கார்ந்து எழுதிய உச்சக்கட்டம் இல்லை. உருவங்கள் குறைந்தால் அவற்றை வரையும் சில்லுக்கு வேலை குறைகிறது, ஆட்டம் தானாக வேகம் பிடிக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டதுதான் நிஷிகாடோவின் கெட்டிக்காரத்தனம்.

சரி, அப்படியானால் கதை எதற்காக உள்ளே வந்தது? ஆரம்பத்தில் விளக்கம் சொல்லத்தான் வந்தது. 1981-ல் அமெரிக்காவில் ரேடார் ஸ்கோப் என்ற கேம் விலைபோகாமல், அதன் இயந்திரங்கள் நின்டெண்டோவின் கிடங்கில் தேங்கிக் கிடந்தன. அவற்றுக்குள் பொருத்த வேறொரு கேம் செய்து தரும் வேலை இளைஞரான ஷிகெரு மியாமோட்டோவிடம் வந்தது. பாப்பாய் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்துச் செய்ய நினைத்தார்கள். அப்போது உரிமை கிடைக்கவில்லை. முரடன், பெண், அவளை மீட்கும் நாயகன் என்ற அந்த முக்கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மியாமோட்டோ ஆட்களை மாற்றினார்: ஒரு கொரில்லா, ஒரு பெண், ஒரு தச்சன். டாங்கி காங் பிறந்தது. அந்தத் தச்சன்தான் பிற்பாடு மரியோ ஆனவன். கொரில்லா பெண்ணைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது என்பதை முதல் சில நொடிகளில் பார்த்துவிட்டால் போதும், காசு போட்டவனுக்கு யாரும் விதி சொல்லித் தர வேண்டாம். மேலே ஏற வேண்டும், உருண்டு வருகிற பீப்பாயைத் தாண்ட வேண்டும். ஒரு பக்க விதிமுறையை ஒரே காட்சி விழுங்கிவிட்டது.

நம் ஊர் ஆட்டங்களில் இதே வேறுபாடு பழையது. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு போயிற்று. ஆடுகள் கூடி நின்று புலியை அடைத்தால் புலி போயிற்று. பெயரைச் சொன்னதுமே பாதி விதி புரிந்துவிடுகிறது. பரமபதம் இதற்கு நேர் எதிர். பாம்பு பாவம், ஏணி புண்ணியம், உச்சியில் வைகுண்டம் என்று அதில் கதைக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆடுபவர் முடிவெடுக்க ஒன்றும் இல்லை. தாயக்கட்டை சொன்ன இடத்துக்குக் காயை நகர்த்துகிறோம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அது போதும். மறுநாள் காலையில் அதை எடுத்து ஆட யாருக்கும் தோன்றுவதில்லை.

கதை வேண்டுமா என்ற சண்டை ஒரு நிறுவனத்துக்குள்ளேயே நடந்து, ஒருவர் வெளியேறும் அளவுக்குப் போனது டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில். ஐடி சாஃப்ட்வேர் நிறுவனர்களில் ஒருவரான டாம் ஹால், பாத்திரங்கள், இடங்கள், திருப்பங்கள் என்று ஒரு பெரிய ஆவணமே எழுதி வைத்திருந்தார். நிரலாளர் ஜான் கார்மாக்குக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேமில் கதை என்பது ஆபாசப் படத்தில் கதை இருப்பது மாதிரி, இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், ஆனால் அது முக்கியமில்லை என்பது அவர் கருத்து. 1993-ல் ஹால் வெளியேறினார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த டூமில் கதை என்று மிஞ்சியவை கையேட்டில் கொஞ்சமும், ஒவ்வொரு பகுதியின் முடிவில் சில வரிகளும்தான். கேம் உலகத்தையே புரட்டிப்போட்டது.

கதை வேண்டாம் என்பவர்கள் இன்றைக்கும் டூமைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆனால் அதே பெயரில் 2016-ல் வந்த கேமின் தொடக்கத்தைப் பாருங்கள். திரை ஒன்றில் ஒரு குரல் பேசத் தொடங்குகிறது. நாயகன் அந்தத் திரையைப் பிடித்துத் தள்ளிவிடுகிறான். பிறகு லிஃப்டில் அதே குரல், நாங்கள் செய்ததெல்லாம் மனிதகுலத்தின் நன்மைக்காகத்தான் என்று சமாதானம் சொல்கிறது. நாயகனின் பார்வை கீழே கிடக்கிற பிணத்தின்மேல் போகிறது, விரல்களை நெரிக்கிறான், பேசுகிற கருவியை அடித்து நொறுக்குகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் யார், எதன்மேல் கோபம், அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. உங்கள் தம்பி ஆடினால் அந்த நாயகனோடு ஒத்துப்போய்விடுவார். கதையை வெறுக்கிறவனின் கதை அது, அதுவும் நன்றாகவே எழுதப்பட்டது.

இங்கேதான் என் கட்சியைச் சொல்ல வேண்டும். கேமுக்குக் கதை கட்டாயமில்லை. ஆனால் கதையைக் கொண்டுவந்தால், அது ஆடுகிறவரின் கை வழியாக வர வேண்டும். ஆட்டத்தை நிறுத்து, கன்ட்ரோலரைக் கீழே வை, இப்போது பத்து நிமிடம் நான் சொல்வதைக் கேள் என்று வருகிற கதையைத் தம்பி தாண்டிப் போனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1998-ல் வந்த ஹாஃப்-லைஃப் என்ற கேம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் நீங்கள் ரயிலில் ஆய்வுக்கூடத்துக்குள் போகும்போதும், பரிசோதனை வெடித்து எல்லாம் நாசமாகும்போதும், கேமரா நாயகனின் கண்ணை விட்டு விலகுவதே இல்லை. வேண்டுமானால் நடக்கிறதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நிற்கலாம்.

ஆட்டம் ஒரு திசையிலும் கதை இன்னொரு திசையிலும் இழுத்தால் என்ன ஆகும்? வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-ல் பயோஷாக் என்ற கேமைப் பற்றி எழுதும்போது இந்த முரணுக்கு லூடோநரேட்டிவ் டிஸொனன்ஸ் என்று ஒரு பெயர் வைத்தார். பெயர் வாயில் நுழையாது, விஷயம் எளிது. அன்சார்ட்டட் கேம் வரிசையின் நாயகன் நாதன் டிரேக் கதைக் காட்சிகளில் நகைச்சுவை பேசும் நல்ல மனிதன். ஆட்டத்தில் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளுகிறவன். இந்தக் கிண்டல் அதைச் செய்தவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. நான்காம் பாகத்தில் 1,000 எதிரிகளைக் கொன்றால் ஒரு பரிசுச் சின்னம் கிடைக்கும். அதற்கு இதே பெயரைத்தான் வைத்தார்கள். நல்ல நகைச்சுவை. ஆனால் நோயைச் சொல்லிச் சிரித்தால் நோய் தீராது.

கை வழியாகக் கதை வருவது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த உதாரணம், 2007-ல் வந்த போர்ட்டல் கேமில் வரும் ஒரு பெட்டி. உயிரில்லாத, வாயில்லாத இரும்புப் பெட்டி.

போர்ட்டல் அடிப்படையில் புதிர் கேம். சுவரில் ஒரு துளை, இன்னொரு சுவரில் ஒரு துளை. இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம். கிளாடோஸ் என்ற கணினி ஒலிபெருக்கியில் பேசியபடியே உங்களை அறை அறையாகச் சோதிக்கிறது. ஓர் அறையில் ஒரே பெட்டியைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும்: ஓர் இடத்தில் அது கேடயம், ஓர் இடத்தில் படிக்கட்டு, ஓர் இடத்தில் பட்டனை அமுக்கி வைக்கும் பாரம். கேமை முன்கூட்டி ஆடிப் பார்த்தவர்கள் அதை வழியிலேயே மறந்து விட்டுவிட்டுப் போனார்கள். கேமைச் செய்த வால்வ் குழு என்ன செய்தது? பெட்டியின் பக்கங்களில் ஓர் இதயம் வரைந்தது. இது உங்கள் நண்பன், இது பேசாது, பேசினாலும் அதன் பேச்சைக் கேட்காதீர்கள் என்கிற தொனியில் கிளாடோஸைச் சில வரிகள் சொல்ல வைத்தது. அதன்பின் மறக்க முடிகிறதா? கட்டியணைத்துக்கொண்டு நடந்தார்கள்.

அத்தோடு விடவில்லை. அறையின் முடிவில் ஓர் எரியுலை. அந்தப் பெட்டியை அதில் போட்டால்தான் கதவு திறக்கும். வேறு வழி தேடிப் பார்ப்பீர்கள், கிடைக்காது. போட்டதும், இதுவரை வந்தவர்களிலேயே நீங்கள்தான் சீக்கிரமாகக் கொன்றீர்கள் என்கிறது கிளாடோஸ். எவ்வளவு தயங்கி நின்றாலும் அதையேதான் சொல்லும். இந்தக் கொடுமையும் ஒரு காரணத்துக்காக வைத்தது. இறுதிச் சண்டையில் கிளாடோஸின் பாகங்களை எரியுலையில் போட்டுத்தான் அதை வீழ்த்த முடியும். எரியுலை எப்படி வேலை செய்கிறது என்பதை ஆடுகிறவருக்கு முன்பே கற்றுத்தர வேண்டியிருந்தது. பெட்டி அதற்குப் பலியானது. புதிரில் இருந்த ஓட்டையை அடைக்கப் போய்த்தான் நட்பும் துரோகமும் பழிவாங்கலும் வந்தன. கதாசிரியர் தனி அறையில் எழுதி அனுப்பியிருந்தால் இது கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, லூகஸ் போப் தனி ஆளாக உருவாக்கி 2013-ல் வெளியிட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ். ஆர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் ஓர் அதிகாரி. கடவுச்சீட்டை வாங்கி, படம் முகத்தோடு ஒத்துப்போகிறதா, காலாவதி ஆகிவிட்டதா, வழங்கிய ஊர் சரியா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். ஓர் ஆளுக்கு ஐந்து காசு கூலி. பொழுது சாய்ந்ததும் ஒரு பட்டியல் வரும்: வாடகை, சாப்பாடு, குளிர்காயும் செலவு, உடம்பு சரியில்லாத மகனுக்கு மருந்து. கூலி எல்லாவற்றுக்கும் பற்றாது. வேகமாகப் பார்த்தால் தப்பு வரும். நிதானமாகப் பார்த்தால் ஆள் எண்ணிக்கை குறையும். கேட்கும்போதே அலுவலகக் களைப்பு வருகிறது, இல்லையா? ஆடினால் எழுந்திருக்க மனம் வராது.

ஒருநாள் ஒருவர் சரியான தாள்களோடு வருகிறார். அனுப்பிவிடுகிறீர்கள். அடுத்து என் மனைவி வருகிறாள், அவளிடம் கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். உள்ளே விட்டால் உங்கள் பெயரில் ஒரு தவறு பதிவாகும். நாளின் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும், அதற்குமேல் அபராதம். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தவறு செய்திருந்தீர்களானால் அவள் உயிரின் விலை உங்கள் மகனின் மருந்து. இந்தக் கணக்கை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. நீங்களே போட்டுப் பார்த்து, நீங்களே முத்திரை குத்துகிறீர்கள். இதையே படமாக எடுத்தால் அந்த அதிகாரி நல்லவனா கெட்டவனா என்று நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்பு சொல்லியிருப்போம்.

அப்படியானால் தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேம்? உங்களைப் போன்ற கதைப் பிரியர்கள் உடனே அதைச் சொல்வீர்கள். நியாயமான கேள்வி. 2013-ல் நாட்டி டாக் நிறுவனத்திடமிருந்து வந்த அந்தக் கேமின் கதையில் பெரும்பகுதி, ஆட்டம் நின்றபின் ஓடும் காட்சிகளாகத்தான் வருகிறது. 2023-ல் எச்பிஓ தொலைக்காட்சி அதைத் தொடராக எடுத்தபோது பல காட்சிகளைக் கிட்டத்தட்ட அப்படியே தூக்கி வைக்க முடிந்தது. தொடரும் நன்றாக ஓடியது. அந்தக் காட்சிகளுக்குக் கேம் தேவைப்படவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அவை நல்ல காட்சிகள், அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஓர் இடத்தைத் தொடரால் தொட முடியவில்லை. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். மருத்துவமனை, எல்லி என்ற சிறுமியின் மூளையை அறுத்தால் உலகை அழித்த நோய்க்கு மருந்து கிடைக்கலாம், அவள் சாவாள். அவளை அங்கே அழைத்து வந்த நாயகன் ஜோயல் அறுவைச் சிகிச்சை அறைக்குள் நுழைகிறான். மருத்துவர் கையில் ஒரு சிறு கத்தியோடு குறுக்கே நிற்கிறார். இப்போது காட்சி ஓடவில்லை. கன்ட்ரோலர் உங்கள் கையில் இருக்கிறது. எவ்வளவு நேரம் சும்மா நின்றாலும் கதை நகராது. அவரைக் கொன்றால்தான் எல்லியைத் தூக்க முடியும். தொடரில் அதை ஜோயல் செய்தான். கேமில் நீங்கள் செய்கிறீர்கள், பிடிக்காவிட்டாலும். அந்தக் கேமைப் பற்றிப் பத்து ஆண்டுகளுக்குமேல் ஓயாமல் சண்டை நடப்பதற்கு அந்த அறையும் ஒரு காரணம்.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய கேம் ஒன்று இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது: 2023-ல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். ஆட்டம் என்பது சமையல்தான். வெண்பா ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு நைந்து, எழுத்து அழிந்திருக்கிறது. அழிந்த படிகளை நீங்கள் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும் என்பது முதல் புதிர்களில் ஒன்று. இட்லிப் பானையைக் கையாண்டவர்களுக்கு நொடியில் தெரிந்துவிடும். மற்றவர்கள் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. பாராட்டுக்கு நடுவே ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும்: புதிர்கள் சுலபம், தப்பாகச் செய்தால் இழப்பு எதுவும் இல்லை, சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வெறும் ஆட்டமாக எடைபோட்டால் இளைத்த கேம்தான். ஆனாலும் அந்த அழிந்த எழுத்து வெறும் அலங்காரம் இல்லை. பக்கத்தில் அம்மா இருந்திருந்தால் கேட்டால் முடிந்தது. கடல் தாண்டி வந்தவளுக்குக் கேட்க ஆள் இல்லை. புதிர் எதுவோ அதுவேதான் அவள் நிலைமையும். அதனால்தான் எளிதாக இருந்தும் அது நிற்கிறது.

பப்ஜி ஆடுகிறவர்கள் இத்தனையையும் படித்துவிட்டு, எங்கள் கேமில் கதையே இல்லையே என்பார்கள். இருக்கிறது, எழுதி வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். 100 பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்க உள்ளே நின்றாக வேண்டிய நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒளிந்திருப்பவனும் வெளியே வந்தாக வேண்டும். தொடக்கம், சிக்கல், உச்சக்கட்டம் என்று ஒரு கதாசிரியர் செய்கிற வேலையை அந்த நீல வட்டமே செய்துவிடுகிறது. நேற்று அந்தக் கேமின் பொச்சிங்கி ஊரில் கடைசி மூன்று பேராக மாட்டிக்கொண்டதை ஒருவர் கதை கதையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்லும்படி ஏதோ நடந்திருக்கிறது அல்லவா!

என் கட்சிக்கு ஒத்துவராத கேம் ஒன்று உண்டு என்பதையும் மறைக்கவில்லை. 2019-ல் வந்த டிஸ்கோ எலிஸியம் ஏறத்தாழ முழுக்க வாசிப்புதான். சண்டை முறை என்று ஒன்றே கிடையாது. எந்த வரியைத் தேர்ந்தெடுப்பது, எப்போது பகடையை உருட்டுவது என்பதுதான் ஆட்டம். நாயகனின் தலைக்குள் இருக்கிற 24 திறன்களும் தனித்தனிக் குரலில் யோசனை சொல்லும், பல சமயம் தப்பான யோசனை. கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. எனக்கு அது மிகவும் பிடிக்கும். உங்கள் தம்பிக்குப் பத்து நிமிடம் தாங்காது.

எனவே இரண்டு பேரும் சேர்ந்து ஆட ஒன்றைச் சொல்லச் சொன்னால் போர்ட்டலைத்தான் சொல்வேன். பழைய கணினியிலும் ஓடும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தாண்டிப் போகக் கதைக் காட்சிகள் ஏறக்குறைய இல்லை என்பதால் தம்பிக்கும் குறை இருக்காது. கன்ட்ரோலரை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எரியுலைக்குமுன் அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.